உதவிப் பயிற்சியாளரின் பை

ஐஸ் கட்டி மீன்கடைக்காரர் கொடுத்தது.
கழுவித்தான் துணியில் சுற்றினேன்.
ஆனாலும் ரஷீதாவின் முட்டியில் வைத்தபோது
லேசாக மத்தி வாசம்.
"அக்கா, ஸ்ப்ரே தீந்துபோச்சா?"
தீரவில்லை. வாங்கவே இல்லை.
ரசீது இல்லாத செலவைக் கேட்க
கல்லூரி அலுவலகத்தில் ஜன்னல் கிடையாது.

நாங்கள் மூன்று பேர்.
இருதயமேரி மேடம், உடற்கல்வித் துறை, நிரந்தரம்.
கோல்கீப்பரைப் பழக்கும் குப்புராஜ் அண்ணன்
பகலெல்லாம் கல்லூரி எலக்ட்ரீஷியன்.
ஒருகாலத்தில் உருக்காலை அணிக்கு வலை காத்தவர்.
இரண்டு விரல் இன்னும் நிமிராது,
பல்பு மாட்ட அதுதான் வசதி என்பார்.
நான் நூலக உதவியாளர், தொகுப்பூதியம்.
மூன்றரை மணிக்கு மேல்
அடையாள அட்டை தொங்கும் அதே கயிற்றில்
விசிலும் தொங்கும்.

ஆட்டத்துக்கு முன் என் வேலை
நகை வாங்கி வைப்பது.
கம்மல். மூக்குத்தி, திருகாணியோடு.
கருப்புக் கயிறை அவிழ்க்க மாட்டேன் என்பவளுக்கு
மேலே ஒரு சுற்று டேப்.
பிறகு கொலுசு.
சேலத்துப் பிள்ளைகள் அல்லவா,
பதினாறு பேரில் பதினைந்து ஜோடி.
தேன்மொழியுடையது அவள் அப்பாவே
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பற்றவைத்தது,
சலங்கை கூடுதல், எடை கூடுதல்.
ஒவ்வொன்றையும் பேர் எழுதி முடிந்து
பைக்குள் போடுவேன்.

காவேரிக்குக் கொலுசு இல்லை.
இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி
நாகலூரிலிருந்து படிக்க வந்தவள்.
வரிசையில் அவளும் நிற்பாள்.
தன் முறை வந்ததும்
தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி
என் உள்ளங்கையில் வைப்பாள்.
அதையும் பேர் எழுதி முடிவேன்.

அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று.
எழுபத்தெட்டாவது நிமிடம்
மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
ஆளை மாற்றப்போகிறார் என்று அர்த்தம்.
"காவேரி நொண்டுறா."
"மறைக்கத் தெரிஞ்சவ ஓடவும் ஓடுவா மேடம்.
பத்து நிமிஷம்." அண்ணன் குரல் தாழ்ந்தது.
"அவ கால் எனக்கு அடுத்த வருஷமும் வேணும்."
அதற்குமேல் அவர்கள் பேசவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.

எண் காட்டும் பலகை எங்களிடம் இல்லை.
நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்ததுதான்,
பின்பக்கம் சாக்பீஸால் ஏழு என்று எழுதி
தலைக்குமேல் தூக்கினேன்.
கேலரி சிரித்தது.
மைதானத்தின் பக்கம் திரும்பியிருந்தது
'அமைதி காக்கவும்'.

புரட்டிப் பிடிப்பதற்குள்
காவேரி நடக்கத் தொடங்கியிருந்தாள்.
இப்போது நொண்டலை மறைக்கவில்லை.
எங்கள் மூவரையும் பார்க்காமல்
பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.
ஆறு நிமிடம் கழித்து
அவள் நிற்கவேண்டிய இடத்தின் வழியாகவே
பந்து உள்ளே வந்தது.

யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை.
அண்ணன் வலையின் கிழிசலை
கிழியாத இடத்திலெல்லாம் சரிபார்த்தார்.
மேடம் எதிரணிப் பயிற்சியாளருக்குக் கைகொடுத்தார்,
தேவைக்கு அதிக நேரம்.

வேனில், மேடம் செலவில் தட்டுவடை செட்.
சட்னி தாளில் ஊறிப்போனது.
நான் பையைத் திறந்து பேர் கூப்பிட்டேன்.
வாங்கியவர்கள் வாங்கியபடி
கொலுசு மாட்டக் குனிந்தார்கள்.
அஸ்தம்பட்டி தாண்டும்வரை
வேனில் ஒருத்தி முகமும் தெரியவில்லை.
ஒரு கொக்கி மாட்ட எவ்வளவு நேரமாகும்,
நான் கேட்கவில்லை.

காவேரி பேரைக் கடைசியில் கூப்பிட்டேன்.
வந்தாள். ஊசியை வாங்கினாள்.
பல்லால் கடித்து விரித்துச் செருகிக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்து
வீங்கிய காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.
"அந்த ஐஸ் மிச்சம் இருக்கா?"

இருந்தது.
பாதி கட்டி,
முழு மத்தி வாசம்.